டீச்சர் பக்கத்து பிரேக்

மெத்தைக் கடையில் துப்பறியப் போனால் ஒரு வசதி உண்டு, படுத்துக்கொண்டே விசாரிக்கலாம். அரைக்கண் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு பெரிய மெத்தையின் நடுவில் மல்லாந்து கிடந்தார். விழித்திருக்கும்போதே பாதி மூடியிருக்கும் கண்கள் அவருக்கு. ஊர் வைத்த பெயரும் அதனால்தான். படுத்ததும் மீதிப் பாதியும் மூடிக்கொண்டது.

பக்கத்தில் நின்ற உதவியாளர் வாயாடிக்கு வயிறு எரிந்தது.

"சார், கேஸ் முடிஞ்சதும் எழுப்பி விடட்டுமா?"

"பேசாம இரு. முதுகு யோசிக்குது."

"முதுகு நல்லா யோசிக்கட்டும். அங்கே ஒரு மனுஷி செத்துச் செத்துப் பிழைச்சிட்டிருக்காங்க."

அவள் வாய்த்துடுக்கு அவருக்குப் புதிதில்லை. ஆனால் இன்று அதில் கேலி பாதிதான் இருந்தது. அவள் சொன்னது டீச்சரைப் பற்றி. பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர். இரண்டு கார், ஒரு ஷெட், ஒரு போர்டு என்று ஒற்றை ஆளாக நின்று ஒரு டிரைவிங் ஸ்கூலை உண்டாக்கியவர். சில மாதங்களாக யாரோ அவர் பின்னாலேயே இருக்கிறான். போன் வரும், எடுத்தால் பேச்சு இருக்காது. நம்பரை மாற்றினார். புது நம்பருக்கும் வந்தது. காரின் டயரில் காற்று இறங்கியிருக்கும். ஒருநாள் ஹெட்லைட் உடைந்திருந்தது. வீட்டை மாற்றினார். போன வாரம் புது வீட்டு மாடி பால்கனியில், எப்போதோ காணாமல் போன அவருடைய துப்பட்டா, துவைத்துத் தேய்த்து மடித்து நாற்காலியில் வைக்கப்பட்டிருந்தது.

அன்றைக்கு நடுங்க ஆரம்பித்த கை இன்னும் நிற்கவில்லை. ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவரால் இப்போது ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியவில்லை.

போலீஸில் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆள் யாரும்மா? மிரட்டினானா? கையைப் புடிச்சு இழுத்தானா? துணியைத் துவைச்சுக் கொடுத்தவனை நான் எந்தச் செக்‌ஷன்ல உள்ளே தள்றது?" என்றார். அதன் பிறகுதான் டீச்சர் அரைக்கண்ணின் ஆபீஸ் படியேறினார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டு, "அவன் என்னை அடிச்சாக்கூடத் தேவலை சார். அடிச்சவன் இன்னார்னாவது தெரிஞ்சிடும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட நாள் முதல் வாயாடிக்குச் சோறு இறங்கவில்லை. புது நம்பர் தெரிந்தவர்கள் வீட்டாரும் ஸ்கூலில் படிக்கிறவர்களும்தான் என்பதால், மறுநாளே அவள் மாணவியாகச் சேர்ந்து உளவு பார்த்தாள். வண்டி ஓட்டவும் வரவில்லை, ஆளும் அகப்படவில்லை.

இன்றோடு கெடு. டீச்சரின் அண்ணன் தீர்த்துச் சொல்லிவிட்டார்: இன்று மறுபடி வேறு வீட்டுக்குக் குடிபோக வேண்டும், ஆள் யாரென்று தெரியாவிட்டால் போர்டைக் கழற்றி ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். அவருடைய சந்தேகமெல்லாம் ஒரே ஆள்மேல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீச்சருக்குப் பேசி, டீச்சர் வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளைமேல். அந்த மாப்பிள்ளைதான் இப்போது மெத்தைக்கு எதிரே, இடது கையில் மாவுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவங்க பேச்சை எடுக்காதீங்க, சார். கேட்டாலே கட்டுக்குள்ள அரிக்குது."

"கட்டு எப்படி?" கண்ணைத் திறக்காமல் கேட்டார் அரைக்கண்.

"போன மாசம் அவங்களைத் தற்செயலா கடைத்தெருவில பார்த்தேன். சௌக்கியமான்னு கேட்டேன். ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். எனக்குக் கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருக்கு. மறுநாள் சரிவான தெருவில பைக்ல இறங்கறேன், பிரேக் பிடிக்கல. எவனோ கம்பியைப் பாதி அறுத்து விட்டிருக்கான். ஆஸ்பத்திரியில கிடக்கும்போது போன். கரகரன்னு ஒரு குரல். 'இனிமே அவங்க இருக்கிற பக்கம் தலைவச்சுப் படுக்காதே'ன்னான்."

"மெத்தைக்கடைக்காரர்கிட்டயேவா?" என்றாள் வாயாடி. யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

"அவங்க-ன்னா சொன்னான்? அவ-ன்னு சொல்லலையா?" என்று கேட்டார் அரைக்கண்.

"அவங்கன்னுதான் சார் சொன்னான். எனக்குக்கூட ஆச்சரியமா இருந்தது. கொலை பண்ண வந்தவனுக்கு மரியாதையைப் பாருங்க."

அரைக்கண் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு கண்களும் முழுசாகத் திறந்திருந்தன. வாயாடி அந்தக் காட்சியை அதிகம் பார்த்ததில்லை.

"மெத்தை நல்லா இருக்கு. உங்களைத் தொந்தரவு பண்ணதுக்கு மன்னிக்கணும். குழந்தையைக் கவனிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

"சார், இந்தக் கையோட பால்கனி ஏற முடியாது. நம்ம கையில இருந்த ஒரே ஆளும் போச்சு" என்றாள் வாயாடி, தெருவில் அவருக்கு ஈடுகொடுத்து ஓடியபடி. ஷெட் நாலைந்து தெரு தள்ளி இருந்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"ஆள் போனான். ஆனா இன்னொருத்தன் எப்படிப்பட்டவன்னு காட்டிட்டுப் போனான். பின்னாடி சுத்தறவங்கள்ல பல ரகம் இருக்கும்மா. விட்டுட்டுப் போனவளை விட மாட்டாதவன் ஒருத்தன். அவனுக்கு அவ திரும்பி வரணும், இல்லேன்னா அழணும். பழி வாங்கறவன் ஒருத்தன். அவனுக்கு அவ பயப்படறதுதான் சாப்பாடு. பஸ்ஸில ஒரு தடவை சிரிச்சதை வச்சுக்கிட்டு, தன்மேல அவ உசிரா இருக்கான்னு தானா முடிவு கட்டிக்கறவன் ஒருத்தன்."

"இதுல நல்ல ரகமே கிடையாதா?"

"இருக்கு. தன்னை நல்லவன்னு நம்பறவன். அவன்தான் இருக்கறதுலயே மோசம்."

கல்லூரிக் காலத்தில் வாயாடி பின்னாலும் ஒருவன் அலைந்தான். ஒருநாள் செருப்பைக் கழற்றிக் காட்டினாள், ஓடிப்போனான். செருப்பைக் காட்டக்கூட ஒரு முகம் வேண்டும். டீச்சருக்கு அதுகூட இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

"டயர் காத்தைப் பாரு" என்றார் அரைக்கண். "முழுக்க இறக்கியிருந்தான். பாதி இறக்கியிருந்தா?"

"கவனிக்காம ஓட்டியிருப்பாங்க. திருப்பத்துல வண்டி கவுந்திருக்கும்."

"மெத்தைக்கடைக்காரர் பைக்ல அப்படித்தானே பண்ணான்? பாதி அறுத்து விட்டான். ஓட்டட்டும், விழட்டும்னு. டீச்சர் வண்டியில மட்டும் ஓட்டவே முடியாதபடி முழுக் காத்தையும் இறக்கினான். ஹெட்லைட்டை உடைச்சான் சரி. கண்ணாடித் தூளெல்லாம் எங்கே கிடந்துச்சு?"

வாயாடி நினைத்துப் பார்த்தாள். டீச்சர் சொல்லியிருந்தார். "கிடக்கல சார். யாரோ பெருக்கிச் சுவர் ஓரமா குவிச்சு வச்சிருந்தாங்க."

"யாரோ இல்ல. அவனேதான். அவங்க கால்ல குத்திடக் கூடாதில்ல? அவங்க பயப்படணும், ஆனா அவங்கமேல ஒரு கீறல் விழக்கூடாது. இது எதுக்குன்னு யோசி."

"எதுக்கு?"

"பயந்தவங்க யார்கிட்டயாவது போய் ஒதுங்குவாங்க. ஒதுங்கற இடத்துல தான் நிக்கணும்னு பார்க்கிறான்."

வாயாடி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "பல் டாக்டர்!" என்றாள். ஸ்கூலில் படிக்கும் பல் டாக்டர், டயர் காற்றுப் போன அன்று தன்னுடைய பெரிய காரில் டிரைவரோடு வந்து, டீச்சரை வீட்டில் விடுவதாக ஒற்றைக்காலில் நின்றார். டீச்சர் மறுத்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். "அந்த ஆள்தான் சார். பல்லைப் பிடுங்கறவனுக்கு நம்மளை அழ வச்சுட்டுத் தட்டிக் கொடுத்தே பழக்கம்."

"இருக்கலாம்" என்றார் அரைக்கண். அவர் இருக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

ஷெட்டில் டீச்சரின் அண்ணன் ஏணிமேல் நின்று போர்டின் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கழன்று போர்டு சாய்வாகத் தொங்கியது. உள்ளே பழைய கார் மட்டும் நின்றது.

"அவன்தானே? ஒத்துக்கிட்டானா?" என்றார் அண்ணன்.

"அவர் இல்ல. டீச்சர் எங்கே?"

"கிளம்பியாச்சு. சாமானெல்லாம் புது வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். நான் ஷெட் சாவியை ஒப்படைக்கணுமே. மீன்தொட்டிக்காரர்தான் ஓட்டிட்டுப் போறார். பக்கத்துல இவ உட்கார்ந்தா கத்துக்குட்டி ஓட்டலாம்தானே."

"அது என் ஐடியா" என்றாள் வாயாடி, அன்றைய நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் பெருமையோடு. மீன்தொட்டிக்காரர் வண்ண மீன் கடை வைத்திருப்பவர். குனிந்த தலை நிமிராத மனிதர். டெஸ்டில் எத்தனை முறை தோற்றாலும் சளைக்காமல் மறுபடி வந்து சேருவார். ரிவர்ஸ் எடுத்தால் வண்டி நின்றுவிடும், மேட்டில் ஏறினால் நின்றுவிடும், கியர் மாற்றினால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். "தனியா போகாதீங்க, அவரைக் கூட்டிட்டுப் போங்கன்னு காலைல நான்தான் டீச்சர்கிட்டச் சொன்னேன். பாவம் சார், பச்சைக் குழந்தை."

அரைக்கண் பழைய காரின் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். அங்கே, டீச்சர் கால் வைக்கும் இடத்திலும், ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் இருந்தன. பிரேக்கின் ரப்பர் தேய்ந்து, இரும்பு பளபளத்தது.

"இது ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?"

"அது என் கைங்கரியம். நான் ஓட்டறப்போ டீச்சர் அதுமேலயே நின்னுட்டுதான் வருவாங்க. 'உன் கிளாஸ் முடிஞ்சா எனக்குக் கால் வீங்கிடுது'ம்பாங்க."

"பல் டாக்டர்?"

"அவர் என்னைவிட மோசம். ஒருநாள் கரெண்ட் கம்பத்துல விட்டார். டீச்சர் மிதிச்சதால தப்பிச்சாங்க. அவங்க உட்கார்ந்திருந்த பக்கம்தான் நசுங்குச்சு."

"அப்போ அவர் இல்ல. கண்ணாடித் தூளைப் பெருக்கறவன் அவங்க பக்கமா கம்பத்துல விட மாட்டான்." அவர் நிமிர்ந்தார். "மீன்தொட்டிக்காரர்?"

"அவர் வண்டியிலயா? அவர் கிளாஸ்தான் எனக்கு ஓய்வுன்னு டீச்சரே சொல்லுவாங்க. அவர் ஓட்டும்போது இந்த பிரேக்கைத் தொட்டதே..."

வாக்கியம் பாதியில் நின்றுபோனது.

டெஸ்டுக்கு டெஸ்ட் தோற்கிறவர். எல்லாத் தப்பையும் செய்கிறவர். ஆனால் அந்தத் தப்புகளில் ஒன்றுகூட டீச்சரைப் பிரேக் மிதிக்க வைத்ததில்லை. ஓட்டத் தெரியாதவன் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பக்கத்தில் இருப்பவரின் உயிரை வாங்குவான். ஆபத்தில்லாத தப்பாகப் பொறுக்கியெடுத்துச் செய்ய வேண்டுமென்றால் அவனுக்கு நன்றாக ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

"தோற்கிறதுக்கு இவ்வளவு பாடுபட்ட ஆளை நான் பார்த்ததில்ல" என்றார் அரைக்கண். "பாஸ் பண்ணிட்டா கிளாஸ் முடிஞ்சு போயிடுமே."

வாயாடிக்குக் காலையில் சொன்ன சொல் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. நல்ல மனுஷன், டீச்சர். பயப்படாம போங்க. தன் வாயால்தான் அவரை அனுப்பி வைத்திருக்கிறாள். வாயாடி என்ற பெயரை அவள் இதுவரை வெறுத்ததில்லை. இப்போது நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

அண்ணன் ஏணியிலிருந்து குதித்தார். போனை எடுத்தார். "உடனே இறங்கச் சொல்றேன்..."

அரைக்கண் அவர் கையைப் பிடித்தார். "சொன்னா அவங்க முகம் மாறும். அந்த முகத்தைத்தான் அவன் மாசக்கணக்கா படிச்சிட்டிருக்கான். சாதாரணமா, எங்கே இருக்கேன்னு மட்டும் கேளுங்க."

அண்ணன் கேட்டார். ஸ்பீக்கரில் டீச்சரின் குரல் களைத்து வந்தது. "ஏரி ரோட்டுல அண்ணா. மெயின் ரோட்டுல ஏதோ வேலை நடக்குதாம், சுத்திப் போறோம். இவரோட வீடு ஏரிக்கு அந்தப் பக்கம்தானாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போகலாம்ங்கறார். யாரும் இல்லாத அமைதியான இடமாம். எனக்கும் எங்கேயாவது கண்ணை மூடி உட்கார்ந்தா போதும்னு இருக்கு."

"சரிம்மா" என்றார் அண்ணன். போனை வைத்ததும் பெரிய மனிதர் என்று பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டார். அவரை ஸ்டேஷனுக்கு விரட்டிவிட்டு, அரைக்கண் பழைய காரின் பக்கத்து இருக்கையில் ஏறினார்.

"சார், லைசென்ஸ் உங்ககிட்டதானே இருக்கு. நீங்க ஓட்டுங்க!"

"ஸ்டீயரிங்கைப் பிடிச்சதும் தூங்கிட்டு ஒருதடவை டீக்கடைக்குள்ள விட்டேன். அதுக்கப்புறம் தொடறதில்லைன்னு சத்தியம். ஏறு. நான் டீச்சர், நீ மாணவி."

அன்றைக்கு அந்த ஊர் கண்ட காட்சியை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ரோட்டோரம் நின்ற ஒரு மாடு உயிர் தப்பியது அரைக்கண்ணின் காலால்தான். ஒரு தள்ளுவண்டி தப்பியது அதன் சொந்தக்காரர் போட்ட சத்தத்தால். வாயாடி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து ரோடு இரண்டாகத் தெரிந்தது. எந்த ரோட்டில் போவது என்று கேட்டபோது அரைக்கண், "அழாத ரோட்டில போ" என்றார்.

ஏரிக்கரை ரோடு ஆரம்பித்தது. நேரான ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் புதர். வெகுதூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி போய்க்கொண்டிருந்தது. மேலே ஸ்கூல் பலகை.

"எட்டிப் பிடிச்சு மறிக்கட்டுமா?"

"நீ மறிச்சா ரெண்டு வண்டியும் ஏரிக்குள்ள. அவங்க வண்டியை அவங்களாலதான் நிறுத்த முடியும்." அரைக்கண் போனில் டீச்சரை அழைத்து, வாயாடியின் காதோரம் பிடித்தார். "பேசு. நீ சந்தேகம் கேட்கிற மாணவி. என்ன கேட்கணும்னு என்னைவிட உனக்குத் தெரியும்."

மணி அடித்தது. எடுக்கமாட்டாரோ என்று வாயாடி தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். எடுத்தார்.

"டீச்சர், நான்தான். ஒரு சந்தேகம். முகத்துல எதையும் காட்டிக்காம கேளுங்க. உங்க காலடியில இருக்கிற பிரேக்கை என் கிளாஸ்ல மிதிச்சிருக்கீங்களா?"

"மிதிக்காத நேரம் உண்டான்னு கேளு." ஒரு சின்னச் சிரிப்பு. உயிரில்லாத சிரிப்பு.

"பல் டாக்டர் கிளாஸ்ல?"

"அதான் கம்பம் சொல்லுமே."

"இப்போ ஓட்டறாரே, அவர் கிளாஸ்ல?"

"இல்ல. அவர் கிளாஸ்ல எப்பவுமே..." டீச்சர் நிறுத்தினார்.

"ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். இப்போ வர்ற வழியில மேட்டுல வண்டி நின்னுச்சா?"

"இல்ல."

"கியர் உரசிச்சா?"

கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. சீரான, தேர்ந்த கை ஓட்டும் இன்ஜின் சத்தம். வாயாடிக்குக் கேட்டதென்றால், வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தை வைத்தே சோறு சாப்பிட்டவருக்குக் கேட்காமல் இருக்குமா? அலுப்பிலும் பயத்திலும் இத்தனை நேரம் அவர் காதில் விழாமல் இருந்தது, இப்போது விழுந்தது.

"இல்ல" என்றார் டீச்சர். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஹெட்லைட் உடைஞ்ச அன்னைக்கு கண்ணாடித் தூளைப் பெருக்கி வச்சது யார் டீச்சர்?"

ஒரு மூச்சு உள்ளே போனது; வெளியே வரவில்லை. பின்னால் ஓர் ஆண்குரல் பணிவாகக் கேட்டது: "யாருங்க போன்ல? ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

வாயாடி உதட்டைக் கடித்ததில் ரத்தம் உப்புக் கரித்தது. முடிந்தது, இவர் உடைந்துவிடப் போகிறார், அவன் கண்டுபிடித்துவிடப் போகிறான் என்று நினைத்தாள்.

"என் ஸ்டூடண்ட்தான்" என்றார் டீச்சர். "பிரேக்ல சந்தேகமாம். எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது."

அது வகுப்புக் குரல். வாயாடியை நாள்தோறும் வறுத்தெடுத்த குரல். இரண்டு மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த குரல்.

"நல்லாக் கேட்டுக்கோ. மறுபடி சொல்லமாட்டேன். முதல்ல கண்ணாடியைப் பார்க்கணும். பின்னாடி வண்டி வருதா, இல்லையா?"

"வருது டீச்சர். நாங்கதான் வர்றோம்."

"இடைவெளி விட்டு வரணும். உனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அப்புறம் ரோடு நேரா இருக்கான்னு பார்க்கணும். அப்புறம் கிளச். முழுசா. அதுக்கப்புறம்தான் பிரேக். பதறி ஒரேயடியா மிதிக்கக் கூடாது, அழுத்தி, விடாம, வண்டி நிக்கற வரைக்கும். நின்னதும் சாவியை எடுத்துடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்."

"எனக்கும் இப்பதான் புரிஞ்சுது" என்றார் டீச்சர்.

முன்னால் போன வெள்ளைக் காரின் பின்பக்கம் சிவப்பு விளக்குகள் எரிந்தன. அணையவே இல்லை. கார் தயங்கி, இழுபட்டு, ரோட்டின் நடுவில் நின்றது. மீன்தொட்டிக்காரர் ஓட்டிய வண்டியில் அந்த பிரேக்கை டீச்சர் மிதித்தது அதுதான் முதல் தடவை.

அரைக்கண்ணும் தன் பக்கத்து பிரேக்கில் ஏறி நின்றார். இல்லாவிட்டால் வாயாடி வாழ்த்துச் சொல்லவே அந்தக் காரின் டிக்கிக்குள் போயிருப்பாள்.

டீச்சர் கையில் சாவியோடு இறங்கி நின்றார். வாயாடி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மீன்தொட்டிக்காரர் இறங்கவில்லை, ஓடவும் இல்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் சரியான இடத்தில் இருந்தன. வண்டி நிற்கும்வரை அதை அவர் நேராகத்தான் பிடித்திருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்றார் ஜன்னல் வழியாக. "இத்தனை நாள்ல உங்கமேல ஒரு கீறல் விழ விட்டிருப்பேனா? அங்கே எல்லாம் தயாரா வச்சிருக்கேன். உங்களுக்குப் பிடிச்ச நீலத்துலதான் திரை. ஒரு சத்தம் வராது. உங்களைக் காப்பாத்தத்தானே இவ்வளவும்."

"யார்கிட்டேர்ந்து?" என்று கேட்டார் டீச்சர்.

மீன்தொட்டிக்காரர் அவரையே பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார். அந்தக் கேள்வி அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. அதைப் பார்த்தபோதுதான் வாயாடிக்குப் பயம் பிடித்தது; அதுவரை இருந்ததெல்லாம் அவசரம்.

அண்ணனோடு ஜீப்பில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் ஸ்டீயரிங்கிலிருந்து அந்தக் கைகளைப் பிரித்தெடுத்தார். மெத்தைக்கடைக்காரரின் பிரேக் கம்பியைப் பற்றி அரைக்கண் சொன்னதும், செக்‌ஷனெல்லாம் அவருக்குத் தானாக ஞாபகம் வந்தது. டீச்சரின் முகத்தைப் பார்க்காமல், "புகார் ஒண்ணு எழுதிக் கொடுக்கணும்மா, இன்னைக்கே" என்றார்.

"நான்தான் டீச்சர் அவனோட போகச் சொன்னேன்" என்றாள் வாயாடி. அதற்குமேல் பேச வரவில்லை. அவளுக்கு வாழ்க்கையில் அப்படி ஆனதே இல்லை.

"நீ சொல்லலேன்னாலும் நான் அவரைத்தான் கூப்பிட்டிருப்பேன். வேற யாரையும் நம்ப முடியாம என்னை ஆக்கத்தானே இவ்வளவு நாள் வேலை பார்த்தார்" என்றார் டீச்சர். அப்போதும் அவர் வாயில் 'அவர்' என்றுதான் வந்தது. சட்டென்று நிறுத்தி, "பார்த்தான்" என்று திருத்திக்கொண்டார்.

பிறகு பழைய காரின் டிரைவர் கதவைத் திறந்தார். "நீ அந்தப் பக்கம் போய் உட்கார்."

பின் சீட்டில் அரைக்கண் ஏற்கெனவே சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். வாயாடி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தேய்ந்த பிரேக்குக்கு மேலே காலைத் தயாராக வைத்துக்கொண்டாள். டீச்சரின் கை நடுங்கியதில் சாவி துவாரத்தைச் சுற்றிச் சுற்றிக் கீறியது, ஒருவழியாக நுழைந்தது. இன்ஜின் கிளம்பியது, ஒரு குலுக்கு குலுக்கி நின்றும்போனது.

"டீச்சர், ஃபெயில்" என்றாள் வாயாடி.

டீச்சர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, நிற்க வெகுநேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து பின்னால் பார்த்தார்.

"புது வீட்டுக்கா, டீச்சர்?"

"ஸ்டேஷனுக்கு" என்றார். "போன தடவை போனப்போ யாருன்னு கேட்டாங்க. சொல்லத் தெரியல."

கிளச்சை முழுசாக அழுத்தி, கியரைப் போட்டு, வண்டியை நகர்த்தினார்.